நீக்கப்பட்ட பதினொரு குரல்கள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்துக்குக் கோமு வேலைக்கு வந்தது 1977-ல். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய அப்பா அங்கே அட்டெண்டராக இருந்து, வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போனவர். கருணை அடிப்படையில் அந்த இடத்தை மகளுக்குக் கொடுத்தார்கள். பி.யூ.சி. கணக்கில் எண்பத்தொன்பது வாங்கியிருந்த பெண், மேலே படிக்க வேண்டும் என்று ஒரு வாரம் அழுதாள். பிறகு அப்பா வைத்திருந்த சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு தச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறிவிட்டாள்.

பதினேழு வருடத்தில் அந்த ஆய்வகத்தில் அவள் கை படாத பொருள் கிடையாது. இசைக்கவைகளை எண் வாரியாக எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பாள். கவையை ரப்பர் அட்டையில் தட்டாமல் மேசை விளிம்பில் தட்டுகிற மாணவனைக் கண்டால், பெயர் கேட்க மாட்டாள். கவையைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். அதைவிட அவளுக்கு ஆகாத காரியம் ஒன்று உண்டு. விடை இன்னதுதான் வரவேண்டும் என்று புத்தகத்தில் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக அளவுகளை எழுதிக்கொண்டு வருவது. ரீடிங்கைச் சமைப்பது என்று மாணவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சமைத்த நோட்டைக் கோமு பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"கம்பியை இழுத்துப் பாக்காமலே எழுதுதியே, இது என்ன, கதைப் புஸ்தகமா?" என்பாள். மார்க் போடும் அதிகாரம் அவளுக்கு இல்லை. ஆனால் அந்த மாணவன் திரும்பப் போய்ச் கம்பி கட்டிய சோனோமீட்டரின் முன்னால் நின்றுவிடுவான்.

1994 ஜூலையில் பேராசிரியர் நடராஜ் அவளைக் கூப்பிட்டார். நாற்பது வயது தாண்டி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தவர் அவர். நம் பக்கத்து ஆட்கள் பாடும்போது ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் இடையில் என்ன விகிதம் இருக்கிறது என்பதை அளந்து சராசரி காண்பதுதான் ஆராய்ச்சி. முதல் சுரமான சட்சமத்தின் அதிர்வெண் இருநூறு என்றால் பஞ்சமம் முந்நூறாக இருக்கும், அதாவது ஒன்றரை மடங்கு. காந்தாரம் இருநூற்றைம்பதாக, ஒன்றேகால் மடங்காக இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. நிஜமாகத் தொண்டைகள் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

"இருபத்துநாலு பேரோட குரல் வேணும் கோமு. எனக்கு வகுப்பு, வினாத்தாள்னு நேரமே இல்ல. டேப் ரிக்கார்டரை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமைகள்ல போயிட்டு வருவியா?"

"யாரை சார் பதியணும்?"

"படிச்சுப் பாடுதவங்க, கேட்டுப் பாடுதவங்க எல்லாரும் வேணும். அப்பத்தான் ஆராய்ச்சி."

இந்த வார்த்தையைக் கோமு மறக்கவில்லை. அவர் மறந்தார்.

ஒன்பது மாதம் ஞாயிறுதோறும் அவள் போனாள். பாட்டு வாத்தியார்கள், ரேடியோவில் பாடுகிறவர்கள், கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் என்று முறையாகக் கற்றவர்கள் பதின்மூன்று பேர். மற்றப் பதினொரு பேரும் எங்கேயும் உட்கார்ந்து படிக்காதவர்கள். சேரன்மகாதேவி வயலில் நடவுப் பாட்டுப் பாடும் நாலு பெண்கள். உடன்குடியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் கணவனும் மனைவியும். மேலப்பாளையத்தில் தறி ஓட்டும் காஜா முகைதீனும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும். அதே தெருவில் பீடி சுற்றும் ஹமீது பீவி.

ஹமீது பீவிக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைப் பாட்டுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்து கோமுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு சரிகமன்னுல்லாம் ஒண்ணும் தெரியாது யம்மா."

"தெரியாண்டாம் அக்கா. நீங்க உங்க பாட்டைப் பாடுங்க. குரல் எங்கன எல்லாம் நின்னு இளைப்பாறுதோ, அங்கன மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பிடிங்க. ஏறும்போது ஒருக்கா, இறங்கும்போது ஒருக்கா."

"அதை வச்சு என்ன செய்வீங்க?"

"யுனிவர்சிட்டிக்குப் போகும். புஸ்தகத்துல வரும்."

பீவி தட்டை இறக்கி வைத்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பாடினார். ஐந்து தடவை பாடச் சொன்னாள் கோமு. ஐந்து தடவையும் பாடினார். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் கோமு பையிலிருந்து 256 அதிர்வெண் உள்ள இசைக்கவையை எடுத்துத் தட்டி அந்தச் சத்தத்தையும் பதிந்துகொண்டாள். டேப் ஒழுங்காக ஓடியதா என்று பிற்பாடு சோதிக்க அது வேண்டும். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினேழு வருடம் கருவிகளோடு மல்லாடியவளுக்குக் கருவியை நம்பக்கூடாது என்று தெரியும்.

ஆய்வகத்தில் டேப்பை ஓடவிட்டு, அலைநோக்கியின் பச்சைத் திரையில் பாடகரின் சத்தத்தையும் ஆசிலேட்டரின் சத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பாள். ஆசிலேட்டரின் குமிழைப் பையத் திருகினால், இரண்டு அதிர்வெண்ணும் ஒன்றாகும் இடத்தில் புரண்டுகொண்டிருக்கும் கோடு ஒரு வட்டமாகி அசையாமல் நிற்கும். அந்த இடத்தில் எண்ணைப் படித்து நீள நோட்டில் எழுதுவாள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகள்.

சராசரி எடுக்கும்போதுதான் முதல் சிக்கல் வந்தது. எல்லா விகிதத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் போதும் என்றார் நடராஜ். கோமு அப்படியே செய்தாள். விடை அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அவரிடம் போய் நின்றாள்.

"சார், சட்சமத்துலருந்து பஞ்சமத்துக்கு ஏறுனா ஒன்றரை. அதே தூரம் இறங்குனா மூணுல ரெண்டு. ஏறுன அளவு இறங்கிட்டா பழைய இடத்துக்குத்தான வரணும்? சராசரி ஒண்ணுதான வரணும்? கூட்டி ரெண்டால வகுத்தா ஒண்ணு புள்ளி சைபர் எட்டு வருது. ஏறியும் இறங்கியும் நாம எங்கயோ மேல போயி நிக்கோம்."

நடராஜ் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"பெருக்கி மூலம் எடுத்தா சரியா வருது சார். ஒன்றரையையும் மூணுல ரெண்டையும் பெருக்குனா ஒண்ணு. அதுக்கு வர்க்கமூலமும் ஒண்ணு. இருபத்துநாலு பேருக்கும் அப்படித்தான் செய்யணும். லாக் டேபிளைப் பாத்து லாகைக் கூட்டி, இருபத்துநாலால வகுத்து, திரும்ப ஆன்டிலாக் எடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

"சரிதான்," என்றார் அவர். "அப்படியே போடு."

மூன்று வாரம் உட்கார்ந்து போட்டாள். பஞ்சமத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; எல்லோருக்கும் ஒன்றரையை ஒட்டியே வந்தது. காந்தாரத்தில்தான் விஷயம் இருந்தது. கற்றவர்கள் பதின்மூன்று பேரின் சராசரி 1.251. புத்தகம் சொன்னது 1.25. மற்றப் பதினொரு பேரின் சராசரி 1.231. எல்லோரையும் சேர்த்தால் 1.242. ஹமீது பீவியின் ஐந்து பாட்டிலும் அந்த இடம் 1.229, 1.230, 1.229, 1.231, 1.230. ரேடியோவில் பாடுகிற ஒருவருடைய குரல்கூட இவ்வளவு இம்மி பிசகாமல் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து உட்காரவில்லை. கோமு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புத்தகம் சொல்லாத ஒன்றை ஒரு தொண்டை ஐந்து தடவை ஒரே மாதிரிச் சொல்கிறது என்றால், ஆராய்ச்சி என்பது அதுதானே?

ஆய்வேடு 1995 டிசம்பரில் தட்டச்சாகி வந்தது. வரைபடங்களை ஒட்டிப் பக்கம் சரிபார்க்க ஒரு பிரதியைக் கோமுவிடம் கொடுத்தார்கள். நாலாவது அத்தியாயத்தில் சராசரி காணும் முறை விரிவாக இருந்தது. ஏறுவதும் இறங்குவதும் ஒன்றரையும் மூன்றில் இரண்டும் அப்படியே இருந்தன. 'ஆய்வாளர் இம்முறையை வகுத்தார்' என்று இருந்தது. கோமுவுக்குச் சுருக்கென்றது. போகட்டும் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அட்டவணையில் பதின்மூன்று பெயர்கள்தான் இருந்தன. கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. இரண்டு தடவை படித்தாள். 'மற்றப் பதினொரு பதிவுகள், கருவியைக் கையாண்ட உதவியாளரின் கவனக்குறைவால் மின்கலம் தளர்ந்து ஒலிநாடாவின் வேகம் குறைந்தபடியால் நீக்கப்பட்டன.'

 பசைக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு நடராஜின் அறைக்குப் போனாள்.

"சார், என் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு."

"அது ஒரு முறைக்காக எழுதுறது கோமு. உன் பேரு அதுல இல்லியே."

"பேரு எதுக்கு சார்? இந்த டிபார்ட்மென்ட்ல உதவியாளர்னு எத்தனை பேரு இருக்கோம்?"

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒன்றேகால் வந்தாத்தான் எடுபடும்னு என் ஆய்வு நெறியாளர் சொல்லுதாரு. பீடி சுத்துத பொம்பளை பாடுனதையும் ரேடியோவில பாடுதவங்க பாடுனதையும் ஒரே தட்டுல வைக்க முடியுமா? அவங்க சுதி தப்பிப் பாடியிருக்காங்க."

"தப்புன்னா அஞ்சு தடவையும் ஒரே இடத்துல எப்படி சார் தப்பும்? அவங்க பஞ்சமம் எல்லாரையும் விடச் சுத்தமா இருக்கே. அதுல மட்டும் சுதி எங்கருந்து வந்துது? அது வேற சுரம்னா வேற சுரம்னு எழுதுங்க, நான் ஒண்ணும் சொல்லல. பாவம், பேட்டரி மேல ஏன் பழியைப் போடுதீங்க?"

"நீ உன் வேலையைப் பாரு," என்றார் நடராஜ்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கணவர் கார்த்திகேசன் தச்சநல்லூரில் அரிசி மண்டியில் எடை போடுகிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவரு பட்டம் வாங்கிட்டுப் போட்டுமே. உனக்கென்ன ஏளா?" என்றார்.

"உங்க தராசு தட்டுக்கு அடியில ஒருத்தன் காந்தத்தை ஒட்டிவச்சிட்டு, கார்த்திகேசனுக்கு எடை போடத் தெரியலன்னு எழுதி மாட்டுனா, போட்டும்னு இருப்பீங்களா?"

 அவர், "நோட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார். "லேப்ல" என்றாள். "முதல்ல அதை ஒரு நகல் எடு" என்றார்.

1996 ஜூனில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். நடராஜின் பொது வாய்மொழித் தேர்வு, வெள்ளிக்கிழமை காலை பத்தரை, கருத்தரங்க அறை. ஆர்வமுள்ள அனைவரும் கலந்துகொள்ளலாம். 'அனைவரும்' என்பதைக் கோமு நின்று படித்தாள். வெள்ளிக்கிழமை முற்பகலுக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். பலகாரத் தட்டு எடுத்து வைக்க வந்திருக்கிறாள் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேள்வி கேட்டார். நடராஜ் சரளமாகப் பதில் சொன்னார். நாலாவது அத்தியாயத்தின் முறை மிக அழகு என்று அந்த அம்மாள் பாராட்டினார். நடராஜ் தலை குனிந்து நன்றி சொன்னபோது கோமு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பார்வையாளர்கள் யாராவது கேட்கணுமா?" என்றார் நெறியாளர். யாரும் கேட்பது வழக்கமில்லை. காப்பி டம்ளர்கள் அப்போதே வெளியே சத்தம் போட ஆரம்பித்திருந்தன.

கோமு எழுந்தாள்.

"மேடம், அவங்க இங்க லேப் அட்டெண்டர்," என்றார் நெறியாளர் சிரித்தபடி.

"பொதுத் தேர்வுன்னுதானே போட்டிருக்கீங்க? கேட்கட்டும்," என்றார் அந்த அம்மாள்.

 கோமு நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"பக்கம் எழுபத்தெட்டுல அடிக்குறிப்பு, மேடம். பேட்டரி தளர்ந்து டேப் மெதுவா ஓடிட்டதால பதினோரு குரலை நீக்கியாச்சுன்னு இருக்கு. பதியும்போது டேப் மெதுவா ஓடியிருந்தா, லேப்ல போட்டுக் கேக்கும்போது எல்லாச் சத்தமும் ஏறிக் கேக்கும். சட்சமமும் ஏறும், காந்தாரமும் ஏறும், ஒரே மடங்குல ஏறும். ரெண்டு எண்ணையும் ஒரே எண்ணால பெருக்குனா அதோட விகிதம் எப்படி மாறும்? இந்த ஆராய்ச்சியே விகிதத்தைப் பத்தித்தான?"

 அந்த அம்மாள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பக்கத்தைத் தேடினார்.

"ஓடும்போதே வேகம் கூடிக் குறைஞ்சிருக்கலாம்," என்றார் நடராஜ். 

"அதுக்குத்தான் ஒவ்வொரு பதிவுலயும் தொடக்கத்துல ஒருக்கா, முடிவுல ஒருக்கா 256 கவையைத் தட்டிப் பதிஞ்சேன். மேலப்பாளையம் ஹமீது பீவி பதிவுல தொடக்கத்துல 261, முடிவுலயும் 261. டேப் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு; ஆனா ஒரே சீரா ஓடியிருக்கு. மத்தப் பத்தும் அப்படித்தான். எல்லாம் இந்த நோட்டுல இருக்கு. பதிஞ்சது நான், அளந்தது நான். கவனக்குறைவுன்னு எழுதியிருக்கது என்னையத்தான்."

"அந்த நோட்டைக் கொண்டுவாங்க," என்றார் அந்த அம்மாள்.

இருபது நிமிடம் அவர் நோட்டைப் புரட்டினார். நடராஜ் மேடையில் நின்றபடியே இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அந்த அம்மாள் நடராஜைப் பார்த்து, சாதாரணமாகத்தான் சொன்னார்: "இந்தப் பதினொன்றும் வேறு வகையான சுரம் என்று நீங்கள் வாதம் செய்திருந்தால் நான் ஏற்றிருப்பேன். நல்ல அத்தியாயமாகவே இருந்திருக்கும். இல்லாத பழுதைச் சொல்லித் தூக்கியிருக்கிறீர்கள். அடிக்குறிப்பை நீக்கி, இருபத்துநான்கு பேரின் அளவுகளையும் சேர்த்துத் திருத்திக் கொடுங்கள். அதுவரை பரிந்துரை செய்ய மாட்டேன்."

சராசரி முறையை வகுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கோமு சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் நெறியாளர் கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். அது அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

திங்கள்கிழமை மெமோ வந்தது. மேலதிகாரியைப் பொது இடத்தில் அவமதித்தது, துறையின் ஆவணத்தை அனுமதியின்றி வெளியாருக்குக் காட்டியது என்று இரண்டு குற்றம். மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் போதும் என்றார் முதல்வர்.

"விடுப்புல இருந்தேன் சார். அனைவரும் வரலாம்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டு ஒட்டுனீங்க."

"வாதம் பண்ணாதீங்கம்மா. ரெண்டு வரி எழுதுங்க."

கோமு இரண்டு வரி எழுதினாள். 'நான் கேட்ட கேள்வியில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டவும். பிழை என்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்கிறேன்.' முதல்வர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். மறு வாரம் அவளைத் தாவரவியல் துறைக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்கு வேலை, காய்ந்த இலைகளை ஒட்டிய தாள்களுக்கு அந்துருண்டை வைப்பது. அவள் இடத்துக்கு வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டவன் இசைக்கவைகளை ஒரு அட்டைப்பெட்டியில் மொத்தமாகக் கொட்டி வைத்திருந்ததை ஜன்னல் வழியாக ஒருநாள் பார்த்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

நடராஜுக்கு எட்டு மாதம் கழித்துப் பட்டம் கிடைத்தது. அடுத்த வருடம் துறைத் தலைவரானார். கல்லூரி வாசலில் அவருக்கு வாழ்த்துத் தட்டி கட்டினார்கள்.

கோமு ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், திருத்திய ஆய்வேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அடிக்குறிப்பு இல்லை. பின்னிணைப்பில் இருபத்துநாலு வரிசைகள் இருந்தன. பதினேழாவதில் 'ஹ.பீ., பெண், 52, மேலப்பாளையம், 1.230'. மொத்தச் சராசரி 1.242. நன்றியுரையில் நெறியாளர், முதல்வர், மனைவி, மாமனார், தட்டச்சு செய்தவர் எல்லோரும் இருந்தார்கள். நாலாவது அத்தியாயம் ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே இருந்தது. ஆய்வாளர் இம்முறையை வகுத்தார்.

பென்சிலால் அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டுவிடலாமா என்று நினைத்தாள். நூலகப் புத்தகத்தில் கோடு போடுவது தப்பு. போடவில்லை.

பதினேழாவது வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் மேலப்பாளையத்துக்குப் போனாள். நடந்ததையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ஹமீது பீவி எதிரில் உட்கார்ந்ததும் எல்லாம் வந்துவிட்டது. பீவி பீடி இலையை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் சுதி தப்பிப் பாடுதேன்னு அந்த ஆளு சொன்னாரா?"

"சொன்னாரு அக்கா."

"இந்த ஊர்ல முந்நூறு கல்யாணத்துல பாடியிருக்கேன். ஒருத்தரும் அப்படிச் சொல்லல. அவர் வீடு எங்கன இருக்கு, சொல்லு. நான் போயிக் கேக்கேன்."

"அவருக்குப் பாட்டு தெரியாது அக்கா."

"பொறவு என்னத்துக்கு அவருக்குப் பட்டம்?"

 இருவரும் கொஞ்ச நேரம் நடராஜைத் திட்டினார்கள். மனசு லேசாகவில்லை, ஆனால் தான் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கவில்லை என்பது ஒரு ஆறுதலாக இருந்தது.

இயற்பியல் ஆய்வகத்துக்கே தன்னைத் திரும்ப மாற்ற வேண்டும் என்று 1997 ஜூனில் கோமு ஒரு விண்ணப்பம் கொடுத்தாள். காலியிடம் இல்லை என்று பதில் வந்தது. 1998 ஜூனில் கொடுத்தாள். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு வருடத்திலும் ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து இரண்டு பேரை எடுத்திருந்தார்கள். 1999 ஜூனில், இந்த இரண்டு நியமனத்தின் தேதிகளையும் குறிப்பிட்டு, நாலாவது அத்தியாயத்தின் முறை தன்னுடையது என்பதற்கு ஆதாரமாக, முன்பே எடுத்துவைத்திருந்த நோட்டு நகலின் பக்கங்களையும் இணைத்து, மூன்றாவது விண்ணப்பத்தை முதல்வருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினாள். "இன்னுமா விடல?" என்று கேட்டார் கார்த்திகேசன். அவள் ரசீதை அந்த நகல் கட்டுக்குள் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.